ஒத்துழைக்காத பிள்ளை

2001 ஜூலை 9, திங்கள்

காற்று. ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம், அதற்குள் ஆரம்பித்துவிட்டது. வாசல் கண்ணாடிக் கதவு இரண்டு தடவை அறைந்தது. ரோட்டு மண் பூராவும் உள்ளே. ஸ்கேன் ரூமுக்குள்ளும் கால் வைத்தால் நறநற.

இன்று ஏழு கேஸ். தலை நாலு, வயிறு இரண்டு, முதுகு ஒன்று. மூன்றாவது தலைக்கே மெஷினின் எக்ஸ்ரே டியூப் சூடாகிவிட்டது, ஆறுகிற வரை காத்திருக்கச் சொல்லித் திரையில் எழுத்து. எங்கேயோ ஓய்வு கொடுத்த சி.டி. மெஷினைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து மறுபடி உழைக்க விட்டிருக்கிறார்கள். முதலாளி சார் அதைப் புதுசு என்று சொல்லுவார்.

மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு பிள்ளை. நாகஜோதி, வயது 10, வேடசந்தூர்ப் பக்கம். காலையில் பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடும்போது இன்னொரு பிள்ளையின் முழங்கை இடது கண்ணுக்குக் கீழே இடித்துவிட்டதாம். அம்மா மில் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள், தலையெல்லாம் பஞ்சு. கூட அம்மாவின் அண்ணன். நர்சிங் ஹோம் சீட்டில்: தலைக்காயம், வாந்தி, மூளை ஸ்கேன். அடியில் பொடி எழுத்தில், கண்குழியும், கொரோனல்.

மூளைக்கு மல்லாக்கப் படுத்தால் போதும். கொரோனல் அப்படி இல்லை. குப்புறப் படுக்க வைத்து, மோவாய்க்கு முட்டுக் கொடுத்துத் தலையைத் தூக்கி நிறுத்தி, நெற்றியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு சீவலாக எடுக்க வேண்டும். பெரியவர்களே கழுத்து போச்சு என்பார்கள்.

மூளை எடுத்து முடித்தேன். குப்புறப் போட்டேன். வாகு பார்க்கக் கண்குழி நடுவில் ஒரே ஒரு படம் ஓடியது. அடுத்தது ஓடுவதற்குள் வாந்தி. மேஜை, மெஷின் வளையம், என் செருப்பு. துடைத்துவிட்டு மறுபடி மோவாயைத் தூக்கினால் மறுபடி ஓங்கரிப்பு. மேலே பார்த்தால் கண் உள்ளே பிடித்து இழுக்கிறது என்று பிள்ளை அழுதது. வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள், நீ சும்மா கிட என்று நான் கத்தினேன். பிறகு இறக்கிவிட்டேன்.

அந்த ஒற்றைப் படத்தை ஃபிலிமில் போடவில்லை. ஒன்றுக்காக ஒரு ஃபிலிமா. சரியாகப் பார்க்கவும் இல்லை.

ஃபிலிம் உறையின் மேல் வழக்கமாக எழுதுவதை எழுதினேன். நோயாளி ஒத்துழைக்கவில்லை. இங்கிலீஷில் இரண்டே வார்த்தை. அழுகிற குழந்தை, குடித்துவிட்டு வருகிறவர், காது கேளாத தாத்தா, எல்லாருக்கும் இதே இரண்டு வார்த்தைதான். எழுதிவிட்டால் அப்புறம் எங்களை ஒருத்தரும் கேட்பதில்லை.

மேஜையைக் கழுவியது காதர் பாய். எங்கள் அட்டெண்டர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கழுவிக்கொண்டே, அடிபட்ட கண் செவக்கவே இல்லையே ஸ்டெல்லாம்மா என்றார். செவக்காவிட்டால் நல்லதுதானே என்றேன்.

வாங்க வேண்டியது: டெட்டால், சீரகம், சின்னவளுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ். செருப்பு நாறுகிறது.


ஜூலை 10, செவ்வாய்

காலையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. மெஷினை மூன்று தடவை முதலிலிருந்து கிளப்பினேன். பத்தரை வரை ஒரு கேஸ்கூட எடுக்க முடியவில்லை.

ரேடியாலஜி டாக்டர் மதுரையிலிருந்து சாயங்காலம்தான் வருவார். இன்று ஐந்து மணிக்கு வந்து நேற்றையதையும் சேர்த்துப் பன்னிரண்டு ரிப்போர்ட் சொன்னார், டைப்பிஸ்ட் தட்டினாள். ஒரு கையில் டீ. நாகஜோதிக்கு: மூளையில் குறை ஒன்றும் இல்லை. கண்குழி, நோயாளி ஒத்துழைக்காததால் பார்க்க இயலவில்லை. உறையில் நான் எழுதியதைப் பார்த்து அப்படியே சொன்னார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பெரியவள் ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிட்டாள். என் வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். வீட்டில் இதற்கு ஒரு சண்டை.


ஜூலை 11, புதன்

நர்சிங் ஹோம் நர்ஸ் ஜான்சி ஒரு வயிற்றுக் கேஸோடு வந்தாள். அந்தப் பிள்ளை எப்படி என்று பேச்சுவாக்கில் கேட்டேன். வீட்டுக்கு அனுப்பியாச்சாம். ஒரு நாள் வைத்துப் பார்த்தார்களாம், மூளை நார்மல் என்று ரிப்போர்ட் வந்த பிறகு எதற்கு வைத்திருப்பது.

அப்புறம் ஜான்சி சொன்னது: "ஒரு கூத்து அக்கா. டாக்டர் பல்ஸ் பிடிச்சுக்கிட்டு மேல பாருன்னு சொல்லும்போதெல்லாம் பல்ஸ் விழுந்துச்சு. நாப்பத்தெட்டுக்குப் போச்சு. கீழ பாத்தா சரியாயிருது."

மேலே பார்த்தால் இதயம் ஏன் மெதுவாக வேண்டும்? ஜான்சிக்குத் தெரியவில்லை, டாக்டர் அதிர்ச்சியினால் என்றாராம். அவள் போன பிறகும் அதுவே மண்டையில் ஓடியது. எக்ஸ்ரே படித்தவள் நான், சி.டி. இங்கேயே பழகிக்கொண்டது. டாக்டருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும்.

காற்று நிற்கவில்லை. எதிர்க் கடை போர்டு சரிந்து வயரில் தொங்குகிறது. எடுக்க ஆள் வரவில்லை.


ஜூலை 14, சனி

மணி நாலு. இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் வந்தாயிற்று, நான் இன்னும் போகவில்லை.

பதினொரு மணிக்கு நாகஜோதி திரும்ப வந்தாள். இந்தத் தடவை கண் டாக்டரம்மா தேன்மொழி கூடவே வந்தார். சின்ன வயசுதான், ஊருக்கு வந்து ஆறு மாசம். பஞ்சவர்ணம், அதாவது அம்மாக்காரி, பிள்ளைக்கு எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்று நேற்று அவர் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். விரலை மேலே கொண்டுபோனால் வலது கண் போகிறது, இடது கண் பாதியில் நின்றுவிடுகிறது. வெள்ளையாக, பளிச்சென்று, அடிபட்ட சுவடே இல்லாமல் நிற்கிறது. எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது.

டாக்டரம்மா வெளியே சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்கே கண்குழி எடுத்திருக்கணும், பாப்பா ஒத்துழைக்கலைன்னு எழுதியிருக்கு, இன்னைக்கு நல்லா ஒத்துழைக்கணும், சரியா என்று. பிள்ளை தலையாட்டியது. பஞ்சவர்ணம் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். அந்தச் சொல்லை நர்சிங் ஹோமிலேயே சொல்லிவிட்டார்களாம்.

"அம்புட்டு தூரம் வந்து படுக்க மாட்டேன்னு அடம்பிடிச்சியாடின்னு வெளுத்துட்டேன் மேடம். இப்ப அவளா வீட்டுல பாய்ல குப்புறப் படுத்து, தாவாங்கட்டைக்குக் கீழ சொம்ப வச்சு, நூறு வரைக்கும் எண்ணிப் பழகுறா."

நான் மேஜையில் புது விரிப்புப் போட்டேன்.

பிள்ளை தானே ஏறிப் படுத்தது. மோவாயைத் தூக்கி வைத்தேன். இரண்டு தடவை ஓங்கரித்தது, விழுங்கிக்கொண்டது. கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, தலை மட்டும் அசையவே இல்லை. காதர் பாய் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. இருபத்திரண்டு படம்.

கொரோனலில் கண்ணைப் பார்ப்பது சுலபம். கண்குழி ஒரு வட்டம், நடுவில் நரம்பு. சுற்றிலும் தசைகள், மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, சாம்பல் நிறப் பொட்டுகளாக. வலது பக்கம் எல்லாம் இருந்தது. இடது பக்கம் கீழ்ப் பொட்டு இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கொழுப்பின் கறுப்பு. அடுத்த படம், அதிலும் இல்லை. அதற்கடுத்ததில் குழியின் தரை எலும்பில் மயிரிழைக் கோடு, அதற்குக் கீழே, கன்னத்துக் காற்றறைக்குள், ஒரு சொட்டுத் தொங்கல். தசை அங்கே கிடந்தது.

டாக்டரம்மா இருபத்திரண்டையும் மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு எனக்கு விளக்கினார். சின்னப் பிள்ளைகள் எலும்பு பச்சைக் குச்சி, முறியாது, வளைந்து திறந்து உடனே மூடிக்கொள்ளும். மூடும்போது தசையைக் கவ்விவிட்டது. மேலே பார்க்கும்போதெல்லாம் கவ்வின தசை இழுபடும், அதனால்தான் வாந்தி, அதனால்தான் பல்ஸ் விழுவதும். வெளியே ஒன்றும் தெரியாது. ரத்த ஓட்டம் இல்லாமல் உள்ளே தசை சாகும்.

அப்புறம் சொன்னது: "ரெண்டு நாளைக்குள்ள எடுத்துவிட்டா கண்ணு பழையபடி ஓடும். இது அஞ்சு நாளாச்சு."

பிள்ளை இறங்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டு என்னிடம்தான் கேட்டது. "இன்னைக்கு நான் அசையவே இல்லைல்ல மேடம்? இனி கண்ணு மேல போயிரும்ல?"

நீ நல்லாத்தான் படுத்தம்மா என்றேன்.

அவர்கள் ஆபரேஷனுக்காக நேராக மதுரைக்குப் போனார்கள்.


அதே நாள், மணி ஐந்தரை

எழுதித் தீர்க்கிறேன்.

சனிக்கிழமை என்றால் மெஷினில் அந்த வாரத்துப் படங்களை அழிக்கும் நாள். இடம் போதாது, அழித்தால்தான் திங்கட்கிழமை ஓடும். பட்டியலைத் திறந்தேன். திங்கள், நாகஜோதி. மூளை, பதினாறு படம். அதற்குக் கீழே கொரோனல், ஒன்று.

திறந்தேன். வாந்திக்கு முந்தின அந்த ஒரு படம். கொஞ்சம் சாய்வு, ஆனால் தெளிவாக இருக்கிறது, ஆடவில்லை. வலது பக்கம் கீழ்த்தசை இருக்கிறது. இடது பக்கம் இல்லை. தரைக்கு அடியில் சொட்டு தொங்குகிறது.

பிள்ளை ஒத்துழைத்திருக்கிறாள். தேவையான அளவு ஒத்துழைத்திருக்கிறாள். பார்க்காதது நான். திங்கள் மதியம் ஒரு மணிக்கே இந்தத் திரையில் இது இருந்தது, நான் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

காதர் பாய் பின்னால் நின்று பார்த்தார். படம் பார்க்கத் தெரியாதவர். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, அன்னிக்கே இருந்துச்சா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு ஃபிலிமில் அடித்தேன். பன்னிரண்டு கட்டத்தில் ஒரு கட்டம்தான் படம், மிச்சமெல்லாம் கறுப்பு. டார்க் ரூமில் அது காய்வதற்குள் சார் வந்துவிட்டார். இந்த சென்டரின் முதலாளி, டாக்டர் இல்லை, முன்பு நூல் வியாபாரம். தேன்மொழி டாக்டர் போனில் கேள்வி கேட்டிருக்கிறார். சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உறையில எழுதியிருக்குல்லம்மா, அது போதும் நமக்கு என்றார். மெஷினில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அப்ப எப்பவும்போல அழிச்சிருங்க என்று பக்கத்திலேயே நின்றார்.

அழித்தேன். உறுதியா என்று மெஷின் ஒரு தடவை கேட்கும். ஆம் என்று அழுத்தினேன்.

ஃபிலிம் இப்போது என் கைப்பையில், டவலில் சுற்றி.


ஜூலை 15, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனக் கூண்டில் ஆள் குறைவு, போயிருக்கலாம். போகவில்லை. சாமியாரிடம் சொன்னால் மன்னிப்பு கிடைத்துவிடும், அதுதான் வேண்டாம் என்று இருந்தது.

மத்தியானம் கோழிக் குழம்பு. உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். பிள்ளைகள் தயிரை ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

அவரிடம் ஃபிலிமைக் காட்டினேன். ஜன்னலில் தூக்கிப் பிடித்தார், ஒன்றும் தெரியவில்லை என்றார். விரல் வைத்துக் காட்டினேன். இங்கே இருக்கிறது, இங்கே இல்லை. கொஞ்ச நேரம் அந்த இல்லாத இடத்தையே பார்த்தார்.

"யாருக்கு இது தெரியும்?"

எனக்கும் காதர் பாய்க்கும் என்றேன்.

"அப்ப வாயக் கொடுத்து வம்ப வாங்காத ஸ்டெல்லா. உன் வேலை போனா இந்த ஊர்ல இன்னொரு ஸ்கேன் எங்க இருக்கு?"

அவர் சொல்வதில் தப்பில்லை. அவர் ஒரு பள்ளிக்கூடத்து லேப் உதவியாளர், என் சம்பளத்தில்தான் இரண்டும் படிக்கிறது. ஃபிலிமைப் பீரோவில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் மருந்து வாடை.


ஜூலை 17, செவ்வாய்

ஆடி பிறந்தாயிற்று. மைக் செட் காலையிலிருந்து. காற்றில் பாட்டு வருகிறது, போகிறது.

தேன்மொழி டாக்டர் போன் செய்தார். நேற்று மதுரையில் ஆபரேஷன். தசையை விடுவித்துவிட்டார்களாம், அதை விடுவிக்கும்போது இதயம் ஒரு தடவை நின்று ஓடியதாம். தசை சிவப்பாக இல்லை, வெளுத்திருந்தது என்று ஆபரேஷன் செய்தவர் சொன்னாராம். ஒரு மாசம் பார்க்கலாம் என்றார். அவர் என்னைக் குத்திக் காட்ட போன் செய்யவில்லை. நல்ல படம் எடுத்துக் கொடுத்தீங்க, அதனாலதான் கண்டுபிடிச்சோம் என்று நன்றி சொன்னார்.

நன்றியைக் கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். வாஷ்பேசினில் முகம் கழுவினேன். இன்று தலை மூன்று, முதுகு இரண்டு.


ஜூலை 26, வியாழன்

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு பையன், ஐந்து வயது, அலறல். எடுக்கவே முடியவில்லை. பேனாவை எடுத்தேன், உறையில் எழுத வரவில்லை. அவன் அப்பாவையே கதிர் படாமல் ஈயக் கவசம் மாட்டிப் பக்கத்தில் நிறுத்தி, தூங்கும் வரை காத்திருந்து, ஐம்பது நிமிஷம். ஏனுங்க, இவ்வளவு நேரமாகுமாங்க என்று வெளியே ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சார் கூப்பிட்டு, இப்படி எடுத்தா கடைய மூட வேண்டியதுதான் என்றார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் ஒரு ஆள் வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை. உள்ளே வரவில்லை, உட்காரவில்லை. அரைமணி நேரம் கண்ணாடி வழியே என்னையே பார்த்தார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, பஞ்சவர்ணத்தின் அண்ணன். அன்னிக்கு திங்கக்கிழமை படம் எடுத்தது யாரு என்று காதர் பாயிடம் கேட்டாராம். அவர் சாரைக் கைகாட்டிவிட்டார்.

சார் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, உறையின் ஜெராக்ஸைக் கையில் கொடுத்தார். இரண்டு வார்த்தையையும் தமிழில் சொல்லிக் காட்டினார்.

"அப்ப தப்பு எங்க பிள்ள மேலதான்னு சொல்றீங்க," என்றார் அந்த ஆள்.

சின்னப் பிள்ளைதானே, அத ஒண்ணும் சொல்லாதீங்க என்றார் சார். பெருந்தன்மையாகச் சொன்னார். நான் கன்சோலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆள் ஜெராக்ஸை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். காபியைக் குடிக்கவில்லை.

பயம். அந்த ஆளைப் பற்றி மட்டும் இல்லை. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எழவில்லை. அதைப் பற்றியும்தான்.


ஆகஸ்ட் 6, திங்கள்

ஜான்சி சொன்னது, அவளுக்கு வேடசந்தூரில்தான் வீடு. பிள்ளை தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கிக்கொண்டேதான் நடக்கிறதாம். அப்படிப் பார்த்தால்தான் இரண்டு ஒன்றாகிறதாம். படி இறங்கும்போது இரண்டு தடவை விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் திமிர் என்று பெயர் வைத்தாயிற்று. கரும்பலகையின் மேல் வரியை எழுதுவதில்லை என்று டீச்சர் முட்டி போட வைத்தாளாம். அக்கம்பக்கத்தில் காத்துக் கருப்பு என்று பேச்சு, எங்கேயோ கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

டாக்டர் சொல்லும்போது கேட்டிருந்தா இந்தப் பாடு உண்டா, பிள்ளைக்கு அம்புட்டு வீம்பு என்றாள் ஜான்சி.

வீட்டில் சின்னவள் கண் முன் விரலைப் பிடித்து மேலே கொண்டுபோனேன். இரண்டும் போயின. கீழே. மேலே. போயின. எத்தனை தடவைம்மா என்று எரிந்து விழுந்தாள். பெரியவளையும் பிடித்து உட்கார வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கண்ணாடியில் என் கண்ணையும்.

சோப்பு, அரிசி, பெரியவளுக்கு இங்க் பேனா. ரேஷனில் மண்ணெண்ணெய் வியாழன் என்று போட்டிருக்கிறது.


ஆகஸ்ட் 18, சனி

தேன்மொழி டாக்டரின் சீட்டு வந்திருக்கிறது. திங்கட்கிழமை நாகஜோதிக்கு மறு ஸ்கேன். மூன்று பார்வை: நேராக, மேலே, கீழே. ஒவ்வொன்றிலும் கொரோனல். தசை வேலை செய்கிறதா என்று பார்க்க. இப்படி இதுவரை நான் எடுத்ததில்லை. கேட்டதற்குப் போனில் சொல்லிக் கொடுத்தார். நல்ல தசை கீழே பார்க்கும்போது சுருங்கிப் பருக்கும், மேலே பார்க்கும்போது நீண்டு மெலியும். செத்ததற்கு எங்கே பார்த்தாலும் ஒன்றுதான்.

சாரிடம் சொன்னேன். எடுங்க, ஆனா பேச்சுக் கொடுக்காதீங்க என்றார். அந்த மாமன்காரன் வக்கீலைப் பார்த்ததாகக் கேள்வியாம். வக்கீல் உறையைப் பார்த்துவிட்டு இதில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டாராம். சார் அதைச் சொல்லும்போது சிரித்தார். உறையில் அந்த வார்த்தையை எழுதி வைத்ததற்காக எனக்குப் பாராட்டு வேறு.

வாரப் படங்களை அழித்தேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். ஃபிலிம் இருக்கிறது. காணாமல் போயிருந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன்.


ஆகஸ்ட் 20, திங்கள்

காலை ஆறு. காற்று அடங்கியிருக்கிறது. ஃபிலிமைப் பழைய காலண்டர் அட்டைக்குள் வைத்துப் பையில் எடுத்துக்கொண்டேன். அவர் பார்த்தார். தடுக்கவில்லை. சோத்துக்கு என்னவாவது பண்ணிக்கிருவோம் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.


அதே நாள், மணி பன்னிரண்டு

பத்து மணிக்கு வந்தார்கள். பிள்ளை, பஞ்சவர்ணம், மாமன். மாமன் வாசலோடு நின்றுகொண்டார். பிள்ளை உள்ளே நடந்து வரும்போது முகம் கூரையைப் பார்த்து, கண் மட்டும் என்னைப் பார்த்தது. தெரியாதவர் பார்த்தால் திமிர் என்றுதான் சொல்லுவார்.

தானே ஏறிப் படுத்தது. நேரே பார், மேலே பார், கீழே பார். மூன்று தடவையும் கல் மாதிரி கிடந்தது. இப்போது வாந்தி இல்லை, இழுக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றது.

வலது கண்ணில் கீழ்த்தசை மேலே பார்க்கையில் மெலிந்தது, கீழே பார்க்கையில் பருத்தது. இடது கண்ணில் தசை தன் இடத்துக்கு வந்துவிட்டது. மெல்லிசாக, நார் போல, தரையோடு ஒட்டிக்கொண்டு. நேரே பார்க்கையில் அப்படி. மேலே பார்க்கையில் அப்படி. கீழே பார்க்கையிலும் அப்படியே. நான் அளந்து பார்த்தேன், மூன்றிலும் ஒரே அளவு.

காதர் பாய் பிள்ளையை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பஞ்சவர்ணத்தை உள்ளே கூப்பிடச் சொன்னேன்.

வெளிச்சப் பெட்டியில் அந்த ஃபிலிமை மாட்டினேன். இது முதல் நாள் எடுத்தது என்றேன். பிள்ளை அசையவில்லை, ஒரு படம் நன்றாகவே விழுந்திருக்கிறது, கோளாறு அதிலேயே தெரிகிறது, நான்தான் பார்க்கவில்லை, பார்க்காமலே அவள் மேல் எழுதிவிட்டேன் என்றேன். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து வாரம் இதைத் தூக்கிச் சுமந்தேன்.

பஞ்சவர்ணம் பெட்டியைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கையால அடிச்சேன் மேடம். வாய் வாயா அடிச்சேன்."

திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க, அவகிட்டச் சொல்லுங்க என்றாள்.

நாகஜோதி பெஞ்சில் மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்று தரையில் உட்கார்ந்தேன். சொன்னேன். முதல் நாளும் நீ சரியாத்தான் படுத்த, நான்தான் தப்பா எழுதிட்டேன். இங்கே பார் என்று ஃபிலிமில் இடத்தைக் காட்டினேன். வலது பக்கம் இருக்கிறது, இடது பக்கம் இல்லை. விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப ஏன் மேடம் அப்படி எழுதுனீங்க?"

கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பஞ்சவர்ணம் கையை நீட்டினாள். ஃபிலிமைக் கொடுத்துவிட்டேன். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடி வழியே பார்த்தேன். மாமன் அதை வாங்கி வெயிலில் உயரத் தூக்கிப் பிடித்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை போல. நாகஜோதிதான் தலையை முழுக்கப் பின்னால் சாய்த்து, எக்கி நின்று, விரல் வைத்துக் காட்டினாள், இங்கே, இங்கே என்று.

இதை எழுதுகிற வரை மூன்று பேரும் வெளியேதான் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், இப்போது திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறார்கள். நோட்டை மூடிவிட்டு எழுகிறேன்.